தண்ணீரில் போட்டுப் பார்த்த வாட்ச்

கண்ணாடி மேசையின் ஓரத்தில் நான் குடிப்பதற்காக வைத்திருந்த எவர்சில்வர் டம்ளருக்குள் அவர் அந்த வாட்சைப் போட்டுவிட்டார். என்னிடம் அனுமதி எதுவும் கேட்கவில்லை. "தண்ணி தாங்கும்னு சொன்னீங்கல்ல?" என்றார். அவ்வளவுதான். அடுத்த நொடி ணங்கென்று ஒரு சத்தம். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி பதறி எழுந்தே விட்டார். அது இன்னும் பில் போடாத வாட்ச். நான் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தேன். கறுப்பு முகத்தோடு அது அடியில் சாய்ந்து கிடந்தது. நொடி முள் தன்பாட்டுக்கு ஒவ்வொரு கோடாகத் தாண்டிக்கொண்டிருந்தது. "அஞ்சு நிமிசம் அதுல கெடக்கட்டும். நீங்க மத்த விவரத்தச் சொல்லுங்கம்மா" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார் அவர்.

அப்போது ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு வாட்ச் கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் வந்தவர்கள் நாங்கள். கன்னடத்தில் விலை சொல்லவும் தெலுங்கில் பேரம் பேசவும் கவுண்டரில் நின்றே கற்றுக்கொண்டேன். முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்த வியாபாரம் மிகவும் எளிமையானது. ஆண் வந்தால் பெரிய வாட்ச் உள்ள தட்டை எடு. பெண் வந்தால் தங்க நிறச் சங்கிலி போட்ட சின்ன வாட்ச் உள்ள தட்டை எடு. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் தங்க நிறத் தட்டை எடுத்து வைத்தேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. ஒரு விரலால் என் பக்கமே தள்ளிவிட்டார்.

அந்த விரலைத்தான் முதலில் கவனித்தேன். நுனி வெளுத்து, விரலிடுக்கில் தோல் வெடித்து, எப்போதும் ஈரத்தில் ஊறிய கை. நாற்பது வயது இருக்கும். சொந்த ஊர் கல்லாவி. கணவர் அங்கே விவசாயம் பார்க்க, இவர் ஓசூரில் வேலைக்கு வந்த வேறு இரண்டு பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார். சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டு வருவார். அந்த வாரம் போகவில்லை. வண்டிகளுக்கான அலுமினிய பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வாஷிங் செக்‌ஷனில் லைன் லீடர். எந்திரத்திலிருந்து வருகிற பாகங்களைச் சுடுதண்ணீரிலும் சோப்புக் கரைசலிலும் முக்கிக் கழுவித் துடைத்து அனுப்புகிற இடம் அது. முழங்கை வரை உறை போட்டாலும் தண்ணீர் உள்ளே போய்விடுமாம். பெயரைச் சொன்னார், ஆனால் நான் அன்றிலிருந்து இன்றுவரை 'அக்கா' என்றே கூப்பிடுகிறேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

"தெனமும் கட்டறதுக்கு ஒண்ணு வேணும். கழட்டி வெச்சிட்டு வேலை செய்யற வாட்ச் எனக்கு ஆவாது" என்றார். நான் முப்பது மீட்டர் என்று எழுதியிருந்த ஒன்றைக் காட்டினேன். முப்பது மீட்டர் ஆழமா, கிணறே அவ்வளவு இருக்காதே என்று ஆச்சரியப்பட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. அந்த எழுத்தை நம்பிக் குளிக்கக்கூட முடியாது, மழைச்சாரல் தாங்கும், அவ்வளவுதான் என்று மெதுவான குரலில் சொன்னேன். முதலாளியின் தலை திரும்பியது. அக்கா என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "அப்ப எது தாங்கும்? அத எடுங்க."

அப்படித்தான் ஆண்கள் தட்டின் கடைசி வரிசையில் இருந்த டைவ் வாட்சுகள் வெளியே வந்தன. கடலுக்குள் இறங்குகிறவர்களுக்காகச் செய்தவை. இருநூறு மீட்டர், பக்கவாட்டில் திருகி மூடுகிற சாவி, திருகி மூடுகிற பின்மூடி, தடித்த கண்ணாடி. முதலாளி எழுந்து வந்து விலை கூடிய ஆட்டோமேடிக் ஒன்றை நீட்டினார். பேட்டரியே வேண்டாம், கை அசைவிலேயே ஓடும் என்றார். அக்கா அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டு மூணு நாள் கட்டாம வெச்சா நின்னு போயிடுமா?" என்று கேட்டார். நின்றுவிடும். "நாள் ஒண்ணுக்கு எவ்ளோ முன்னப்பின்ன ஓடும்?" சில நொடிகள் ஓடும். "அப்ப இது வேணாங்க. எனக்கு நேரம் சரியா இருக்கணும். பேட்டரியே இருக்கட்டும்." பேட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸ் என்றால் மட்டம் என்று நினைக்கிற ஆட்கள் நிறைய பேர் அந்தக் கடைக்கு வருவார்கள். தனக்கு எது தேவை என்று தெரிந்து குவார்ட்ஸைக் கேட்டு வாங்கியவர் என் கவுண்டரில் அவர்தான் முதல் ஆள்.

பெரிய வாட்ச் ஒன்று அவர் மணிக்கட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. இன்னும் சின்ன அளவில் ஒன்றைத் தேடி எடுத்தேன். ஸ்டீல் பட்டைக்குள் சோப்பு அடையும் என்று ரப்பர் பட்டையைக் கேட்டார். எண் காட்டுகிற டிஜிட்டல் வேண்டாமா என்றேன். வேண்டாம், முள் வேண்டும் என்றார். பிறகு முகத்தைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருப்பினார். டிக் டிக்கென்று அது நகர்ந்தது. "இது எதுக்கு?"

"தண்ணிக்குள்ள எறங்கினதும் இந்த முக்கோணத்த நிமிஷ முள்ளுக்கு நேரா வச்சுக்குவாங்கக்கா. அப்புறம் முள்ளு எந்த எண்ணுல நிக்குதோ அத்தன நிமிஷம் ஆயிருச்சுன்னு அர்த்தம். மூச்சுக்குக் கொண்டுபோன காத்து தீர்றதுக்குள்ள மேல வரணும்ல."

"திருப்பி இந்தப் பக்கம் சுத்த மாட்டேங்குதே?"

"ஒரு பக்கந்தான் சுத்தும். தெரியாம எங்கயாச்சும் இடிச்சுக்கிட்டாலும் ஆன நேரத்தக் கூட்டித்தான் காட்டும், கொறச்சுக் காட்டாது."

அவர் வளையத்தை முழுச் சுற்றாகத் திருப்பி முக்கோணத்தைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார். அதன் பிறகுதான் டம்ளர் சம்பவம் நடந்தது. ஐந்து நிமிடம் கழித்து எடுத்து, புடவை முந்தானையில் துடைத்து, கையில் கட்டிக்கொண்டு போனார். பெட்டியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. முதலாளி எனக்குப் பாதி நாள் பாடம் நடத்தினார், முப்பது மீட்டர் ரகசியத்தை உடைத்ததற்கு.

மூன்று வாரம் கழித்து, மறுபடியும் ஒரு ஞாயிறு, அக்கா வந்தார். வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஏதோ பழுது என்று நினைத்தேன். "பழுதெல்லாம் இல்ல கண்ணு. இது சரியா ஓடுதுன்னு நீ எனக்கு எழுதிக் குடுக்கணும்" என்றார். அப்போதுதான் அந்த வாட்ச் எதற்காக என்று எனக்குத் தெரிந்தது.

அவர்கள் கம்பெனியில் வேலைக்குப் போகிறவர்கள் ஃபோனை வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். கான்டீனில் கடிகாரம் கிடையாது. செக்‌ஷனில் இருந்த கடிகாரத்தையும் ரிப்பேர் என்று கழற்றிப் பல மாதம் ஆகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். தொடங்கும்போது ஒரு சைரன், முடியும்போது ஒரு சைரன். அதை அழுத்துகிறவர் ஷிப்ட் சூப்பர்வைசர். கை கழுவ வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, பாத்ரூமுக்கு வரிசை. பாதிச் சோற்றைக் கொட்டிவிட்டு பெண்கள் ஓடுவது அந்தச் செக்‌ஷனில் வழக்கமாகிவிட்டது. ஒருத்தி மதியம் பாத்ரூம் போக நேரமிருக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தி, மயங்கி விழுந்திருக்கிறாள். நேரம் குறைகிறது என்று கேட்டால் சூப்பர்வைசர், "வாயாடிக்கிட்டே சாப்ட்டா நேரம் போறது எங்க தெரியும்?" என்பாராம். எல்லாரும் அதை நம்பிவிட்டார்கள். தாங்கள்தான் அதிகம் பேசுகிறோம் என்று பேச்சையே குறைத்துக்கொண்டார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அக்காவின் குரல் மாறியது. "பேசறத நிறுத்திட்டோம் கண்ணு. அப்பவும் சோறு மிச்சம் இருக்குது."

வாட்ச் வாங்கிய மறுநாள் முதல் சைரனில் முக்கோணத்தைத் திருப்பி வைத்தார். இரண்டாம் சைரனில் முள் இருபத்துமூன்றில் நின்றது. அடுத்த நாள் இருபத்துநான்கு. அதற்கடுத்த நாள் இருபத்துமூன்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் காட்டினார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "எங்க ராகிக் காட்டுல எறங்கற யானைகூட இதவிட நிதானமாத் தின்னுட்டுப் போவும்" என்றாளாம். இரண்டு வாரம் பார்த்துவிட்டுச் சூப்பர்வைசரிடம் போய் நின்றார்கள். அவர் முதலில் வாட்ச் கட்டக் கூடாது என்றார். அந்த விதி சுழல்கிற எந்திரம் இருக்கிற இடத்துக்குத்தான், கழுவுகிற இடத்துக்கு இல்லை என்று நோட்டீஸ் போர்டிலேயே எழுதியிருந்தது. அடுத்து அவர் சொன்னதுதான் இந்தப் பேச்சு: தண்ணீரிலேயே கிடக்கிற வாட்ச், உள்ளே ஈரம் போய் மெதுவாக ஓடுகிறது, கடைக்காரன் யாரோ ஏமாற்றி விற்றிருக்கிறான்.

"அவரு வாட்சச் சொல்லல கண்ணு. எனக்கு நேரம் பாக்கத் தெரியலன்னு சொல்றாரு" என்றார் அக்கா.

எனக்குக் கோபம் அக்காவுக்காக மட்டும் வந்தது என்று சொன்னால் அது பொய். ஏமாற்றி விற்றது என்று அந்தச் சூப்பர்வைசர் சொன்னாரே, அதை விற்றவள் நான். ஒரு வாரம் வாட்சைக் கடையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். தண்ணீர் புகுகிறதா என்று பார்க்கும் சின்ன எந்திரம் கடையில் இருந்தது. அதில் வைத்தேன், ஒரு குறையும் இல்லை. தினமும் கடை திறந்ததும் ஃபோனில் வருகிற நேரத்தோடு நொடி முள்ளை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏழு நாளில் ஒரு நொடி வித்தியாசம்கூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதை எழுதிக் கடை முத்திரை குத்தித் தரலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். எந்தக் கம்பெனி என்று கேட்டார். சொன்னேன். "ஏம்மா, ஆயுத பூஜைக்கு நம்மகிட்ட மொத்தமா வாட்ச் எடுக்கறதே அவங்கதான். வேற யாரும் கெடைக்கலியா உனக்கு?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். முத்திரையை எடுத்து மேசை டிராயரில் பூட்டினார்.

நான் பக்கத்துக் கடையில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினேன். இந்த வாட்சை விற்றவள் நான், ஏழு நாள் பார்த்தேன், சரியான நேரம் காட்டுகிறது, உள்ளே ஈரம் இல்லை என்று நாலு வரி எழுதினேன். கீழே என் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அக்கா அந்தத் தாளை மடிக்கவில்லை. மடித்தால் கசங்கும் என்று ஒரு வார இதழுக்குள் வைத்து எடுத்துப்போனார்.

நான்காம் நாள் கடை ஃபோன் அடித்தது. முதலாளி பேசினார், பேசப் பேச முகம் சிறுத்தது. ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தார். கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், நீங்க வாட்ச் மெக்கானிக்கா?"

"இல்ல சார். வாட்ச் விக்கிறவ."

"அப்ப எந்தத் தகுதியில இப்படி சர்டிபை பண்றீங்க?"

"மணி பாக்கத் தெரியும் சார்."

பிறகு அவர், வளையம் தானாக நகர்ந்திருக்கலாம், கையை இடித்துக்கொண்டிருப்பார் என்றார். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். அதிலேயே வந்து மாட்டினார். "நகந்தா நிமிஷத்தக் கூட்டித்தான் காட்டும் சார். இருபத்துமூணு வேணா இருபத்தஞ்சாகும். முப்பது இருபத்துமூணா ஆகாது. அந்த வளையம் பின்பக்கம் சுத்தாது." அவர் விடவில்லை. கவனக்குறைவாக எழுதிவிட்டேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்றார். முதலாளி கும்பிடாத குறையாக என்னைப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. எனக்குக் காய்ச்சல் வந்தபோது லீவு கொடுத்துக் கஷாயமும் கொடுத்தனுப்பியவர். அந்தப் பார்வையைத் தாண்டிப் பேசுவதுதான் எச்.ஆர். அதிகாரியிடம் பேசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"எத வாபஸ் வாங்கணும் சார்? வாட்ச் சரியா ஓடுறதையா? சந்தேகமா இருந்தா நாளைக்கு மத்தியானம் உங்க ஃபோன எடுத்துக்கிட்டு நீங்களே கான்டீன்ல போயி நில்லுங்க. சொல்லாமப் போங்க."

ஃபோனை நானே வைத்தேன். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், "நாளையிலிருந்து வர வேணாம்மா" என்றார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. வீடு வரைக்கும் நடந்தேன். அழுதேனா என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். அழவில்லை. கணவர் வந்ததும் சொன்னேன். "நமக்கு எதுக்குத்தா இந்த வேல? அங்கிட்டு இருக்கவுகளும் எங்க கம்பெனில இருக்கவுகளும் ஒண்ணுக்கொண்ணு பழக்கம். எம் பேரும் அடிபட்டா என்ன செய்யிறது?" என்றார். அவர் பயம் நியாயமானது. ஆனால் நான் எழுதியதில் எந்த வரி பொய் என்று கேட்டேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை யோசித்தார். "பொய்யி இல்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

இன்றைக்கும் சிலர், நாலு வரிக்காக நல்ல வேலையை விட்டாயே என்கிறார்கள். நான் விடவில்லை, அவர்கள்தான் என்னை விட்டார்கள் என்று திருத்துவேன். அந்தத் திருத்தம் எனக்கு முக்கியம். வாபஸ் வாங்கியிருந்தால் அந்தப் பெண்களின் ஏழு நிமிடம் மறுபடியும் அவர்கள் வாயாடித்தனத்தின் கணக்கில் போயிருக்கும். இருபத்துமூன்று நிமிடத்தை அரை மணி என்று ஒருவர் சொல்லி, நூறு பேர் தங்கள் பசியைச் சந்தேகப்படுவது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அன்றும் தெரியவில்லை.

எச்.ஆர். அதிகாரியைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் போய் நின்றார். மறுநாள் இல்லை, அதற்கடுத்த நாள், யாரிடமும் சொல்லாமல், கையில் ஃபோனோடு. இருபத்துநான்காவது நிமிடத்தில் சைரன் அடித்தது. அவர் ஃபோனைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், வெளியே போனார். அன்று மாலைக்குள் சைரன் தானியங்கி ஆனது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எவரும் சொல்லவில்லை. அடுத்த வாரமே அக்காவின் கையில் மாற்றல் உத்தரவு. கிருஷ்ணகிரி போகிற வழியில் இருந்த அவர்களுடைய இன்னொரு யூனிட்டுக்கு, நிர்வாகக் காரணம்.

அந்த ஞாயிறு காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் அக்கா, அவருக்குப் பின்னால் வாஷிங் செக்‌ஷன் பெண்கள் ஆறு பேர். யானைக் கதை சொன்ன பெண்ணும் இருந்தாள். "இவங்களுக்கெல்லாம் வாட்ச் பாக்கணும் கண்ணு. கெளம்பு" என்றார். எனக்குக் கடை இல்லையே என்றேன். "உனக்குக் கடை இல்லன்னா என்ன? ஊர்ல கடையா இல்ல?"

பாகலூர் சாலையில் ஒரு கடைக்குள் எட்டுப் பேராக நுழைந்தோம். அங்கிருந்தவர் வழக்கம்போல் தங்க நிறத் தட்டைத் தூக்கினார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொருத்தியிடமும் கையை நீட்டச் சொன்னேன். யாருக்கு ரப்பர் பட்டை ஒத்துக்கொள்ளாது, யாருக்கு எந்த அளவு, எது சாரலுக்கு மட்டும், எது தினமும் சோப்புத் தண்ணீரில் ஊறினாலும் தாங்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாரும் டைவ் வாட்ச் வாங்கவில்லை, வேண்டியதும் இல்லை. இரண்டு பேர் அதை எடுத்தார்கள், மற்றவர்கள் நூறு மீட்டரில் எளிமையான ஒன்றை எடுத்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. கல்லாவில் இருந்த உரிமையாளர் அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அக்காவிடம் கன்னடம் கலந்த தமிழில், "இவங்க யாரும்மா, உங்க கம்பெனியா?" என்று கேட்டார்.

"இல்லிங்க" என்றார் அக்கா. "இவங்க எங்களுக்குக் கையெழுத்துப் போட்டவங்க."

அந்த அம்மா என்ன கையெழுத்து என்று கேட்டார். அக்கா சொன்னார், ஆறு பேரும் நடுநடுவே சேர்ந்து சொன்னார்கள். திங்கட்கிழமையிலிருந்து வர முடியுமா என்று என்னிடம் கேட்டார் அந்த அம்மா. இன்றைக்கும் அந்தக் கடையில்தான் இருக்கிறேன். தட்டை எடுப்பதற்கு முன்னால் வந்தவர் கையைப் பார்க்கிறேன், என்ன வேலை என்று கேட்கிறேன். முப்பது மீட்டருக்கு என்ன அர்த்தம் என்று கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

அன்று வெளியே வந்து டீ குடிக்கும்போது அக்காவிடம் மாற்றலைப் பற்றிக் கேட்டேன். அறையை மாற்ற வேண்டும், பழகிய பெண்கள் இல்லை, புதிய இடத்தில் லைன் லீடர் பதவியும் இல்லை. வேறு கம்பெனி பார்க்கலாமே என்றேன். அவர் டீயை ஊதிக்கொண்டே, "நான் எதுக்குப் போவணும்? தப்பு செஞ்சனா?" என்றார்.

புது யூனிட்டில் சேர்ந்த அன்று மாலை எனக்கு ஃபோன் செய்தார். பின்னால் பஸ் ஹாரன் சத்தம். குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"கண்ணு, இங்க கான்டீன்ல இத்தன வருசமா கடிகாரமே இல்லயாம். நேத்து சாயங்காலம் அவசர அவசரமா ஒண்ணு மாட்டியிருக்காங்க. மேல சுத்தன பிளாஸ்டிக் கவரக்கூட இன்னும் பிரிக்கல. ஏன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல."